நாலாவது ஓரத்துப் பட்டி

இரத்தோட்டை
1999 ஜூன் 13, ஞாயிறு

அன்பு மகள் புஷ்பவதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாத்தளை முத்துமாரி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் கை கால் அசைய நடமாடிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள், நான் அதைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சுகம் என்றுதான் எழுதுவாய், மொரிசியஸுக்குப் போன நாளில் இருந்து மூன்று வருஷமாக அதைத்தான் எழுதுகிறாய். அதிலும் கடைசி இரண்டு கடிதத்தை நீ எழுதவும் இல்லை, உன் அறையில் இருக்கும் எவளோ ஒருத்தி எழுதியிருக்கிறாள். ஓவர்டைம் கூட, கைக்கு ஓய்வில்லை, அதனால் சினேகிதி எழுதுகிறாள் என்று சொல்லியிருந்தாய். அந்த பெக்டரியில் ஒருத்தி கொலர் வெட்டுகிறாளாம், ஒருத்தி பட்டன் வைக்கிறாளாம், இப்போது பெற்றவனுக்குக் கடிதம் எழுதவும் தனியாக ஒருத்தியைப் போட்டுவிட்டார்கள் போல என்று நான் உன் அம்மாவிடம் நக்கல் பண்ணினேன். ஆகஸ்ட்டோடு ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், சூப்பர்வைசர் ஆக்குகிறார்களாம், அப்பா சரி என்றால் போடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. நடுவில் எரிச்சல் வந்து மடித்து வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படி, கடைசியில் உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

உன் பார்சல் வந்து சேர்ந்தது. மாத்தளை தபால் கந்தோரில் இருந்து துண்டுச் சீட்டு வந்ததும் உன் அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன், உன் லெட்சுமணன் மாமா விடுவானா. உன்னை அந்த ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் தான்தான் என்று மூன்று வருஷமாக ஊருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பவன், வெளிநாட்டுப் பார்சல் வருகிற அன்றைக்கு வீட்டில் கிடப்பானா. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வழிய வைத்து, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி விடியவே பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றான். பார்சலைக் கஸ்டம்ஸில் ஏற்கெனவே பிரித்துப் பார்த்து, சணல் கயிற்றால் கட்டி அனுப்பியிருந்தார்கள். கட்டின லட்சணத்தைச் சொல்கிறேன், அந்த முடிச்சால் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டி வைக்க முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்த கையோடு மாமா அதை அவிழ்த்தான். பார்த்தால் போர்வை. நல்ல புதுத்துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டினதை மறுபடி ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. நம் பக்கத்தில் இல்லாதவள் பழைய சேலையைக் கிழித்து ஒட்டுப் போட்டுப் போர்த்திக்கொண்டால் அதற்குப் பெயர் கந்தல், அதையே புதுத்துணியில் செய்தால் வெள்ளைக்காரன் வரிசையில் நின்று வாங்குவானாம். மாமா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பாருங்க, எங்க அக்கா மக தச்சது, லண்டன்லயெல்லாம் இதத்தான் போத்திக்கிறாங்க என்று பஸ் முழுக்கக் காட்டினான். முன் சீட்டில் இருந்த தோட்டத்து ராசம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன் தம்பி, வெட்டாம வச்சிருந்தா நாலு பாவாட வந்திருக்குமே என்றாள். அந்த பஸ்ஸில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். இது கம்பனி எனக்குக் கொடுத்த பரிசு, நாலு பக்கமும் ஓரப்பட்டி நானே வைத்தது, அப்பா பார்த்துச் சொல்லட்டும் என்று. அதுவும் சினேகிதி கையெழுத்து. சொல்லச் சொன்னாய் அல்லவா, சொல்கிறேன் கேள். மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், பூவைப் பார்ப்பார்கள், நான் ஓரத்தை மூடின பட்டியைத்தான் பார்ப்பேன், அது தெரிந்துதானே அனுப்பினாய். மூன்று பக்கமும் மெஷின் தையல், அங்குலத்துக்கு எட்டு. நான் பன்னிரண்டுக்குக் குறைந்து வைத்தது கிடையாது. முன்பக்கம் தையல் ஓடியிருக்கிறது, பின்பக்கம் இரண்டு இடத்தில் பட்டியைப் பிடிக்கவே இல்லை, காற்றைத் தைத்திருக்கிறது. மெஷினில் ஒரு தகட்டை மாட்டினால் அதுவே பட்டியை மடித்து ஊட்டிவிடும் அப்பா என்று முன்பு பெருமையாக எழுதியிருந்தாயே, ஊட்டிவிடுகிறவன் இருந்தால் சாப்பிடுகிறவன் கை எதற்கு உதவும். மூலைகளை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஓரம் முடிய கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, பட்டியை மேலே மடக்கி, திரும்பக் கீழே இறக்கி, பின்பக்கம் திருப்பும்போது மடிப்பை எதிர்ப்பக்கம் தள்ளி, மூலை தடிக்காமல் உட்கார வைத்திருக்கிறாய். அதைத் தகடு செய்யாது. அது உன் கை. அதைக் கண்டதும் ஒரு நல்ல வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, பக்கத்தில் லெட்சுமணன் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

பிறகு நாலாவது ஓரத்துக்கு வந்தேன். அங்கே பட்டி மற்ற மூன்று பக்கத்தையும்விட இரண்டு நூல் அகலம், தடிப்பும் கூட. தையலாவது மெஷின் தையலா என்றால் அதுவும் இல்லை, கைத்தையல். அந்தக் கைத்தையலும் சாய வேண்டிய பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஒன்று நீளம் ஒன்று குட்டை, முதல் தடவை ஊசி பிடித்த பிள்ளை தைத்தது மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் கடல் தாண்டிப் போய், விடிந்தால் பொழுதுபட்டால் பட்டி வைக்கிறதே வேலையாக இருந்தவளுக்கு நாலு பக்கத்தை ஒரே அளவில் கொண்டுவரத் தெரியவில்லையே, இதுக்கா பரிசு குடுத்தான் அந்தக் கம்பனிக்காரன், அவன் கண்ணு என்ன பொட்டையா என்று பஸ் என்றும் பார்க்காமல் மாமாவிடம் கத்தினேன். மாமாவும் தலையை ஆட்டினான். அவனுக்குப் பட்டிக்கும் பாவாடை நாடாவுக்கும் வித்தியாசம் தெரியாது, யார் எதைச் சொன்னாலும் அந்தத் தலை ஆடும்.

அந்த நேரத்தில் பஸ் செக்பொயிண்டில் நின்றது. கண்டியில் குண்டு வெடித்ததில் இருந்து ஆளை இறக்கிப் பார்க்காமல் இந்த ரோட்டில் பஸ் போவதில்லை, நீ போன பிறகு எங்களுக்கு வந்த சீர் அது. ஆம்பளைகள் ஒரு வரிசை, பொம்பளைகள் ஒரு வரிசை, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கவேண்டும். லண்டனில் போர்த்திக்கொள்வதைப் பற்றி வகுப்பு எடுத்த உன் மாமாவுக்கு அங்கே நாக்கு உள்ளே போய்விட்டது, என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றான். ஆமிக் கோப்ரல் ஒருவன் இருந்தான். இரும்பு இருந்தால் கீச்சென்று கத்துகிற கருவி ஒன்றை எல்லாச் சாமான் மேலும் ஓட்டிக்கொண்டு வந்தான். போர்வை மேல் ஓட்டினான், சும்மா இருந்தது. நாலாவது ஓரத்துக்கு வந்ததும் கத்தியது. மறுபடி ஓட்டினான், அதே இடத்தில் மறுபடியும் கத்தியது. உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பஞ்சு மாத்தயா என்றேன். பஞ்சு கத்துமா என்றான். நியாயமான கேள்விதான். மாமாவைக் கேட்டான், எனக்கு ஒண்ணும் தெரியாது மாத்தயா, இது இவரோட பார்சல் என்று சொல்லிவிட்டு உன் மாமா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டான். கால் மணிநேரத்துக்கு முன்னால்தான் அது அவனுடைய அக்கா மகள் தைத்தது.

இன்னொரு ஆமிக்காரன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து போர்வையின் நட்டநடுவில் வைத்தான். அவன் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்தாலே பலாக்காய் தவிர வேறு எதையும் வெட்டினவன் இல்லை என்று தெரிந்தது. எனக்கு அப்போது பயத்தைவிட எரிச்சல்தான் மேலே நின்றது. வேண்டாம் மாத்தயா, நான் தையல்காரன், கத்துகிற இடத்தைக் காட்டுங்கள், நானே பிரிக்கிறேன், துணி வீணாகாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருந்த பாதி பிளேட்டை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், இரண்டு துவக்குக் குழல் என் பக்கம் திரும்பியது. தையல்காரன் பையில் பிளேட் இல்லாமல் பிஸ்கட்டா இருக்கும். கோப்ரல் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான். மணல் மூட்டை மேல் ஓரத்தை வைத்து, ரோட்டில் குனிந்து நின்று, ஒரு தையல் விட்டு ஒரு தையல் அறுத்து நூலை உருவினேன். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டி கையோடு வந்தது. அதற்குள்ளே பார்த்தால் இன்னொரு பட்டி. அதே துணி, அதே நிறம், மற்ற மூன்று பக்கத்து அளவேதான், மயிரிழை பிசகாமல் மெஷினில் வைத்த பட்டி. மேலே இருந்தது அதை மூடுவதற்காகப் போட்டது. இரண்டு நூல் அகலம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. பஸ்ஸில் நான் கத்தினதெல்லாம் திரும்பி என் வாய்க்கே வந்து சேர்ந்தது.

உள்பட்டியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பழுப்பாகி இருந்தது. கழுவிப் பார்த்திருக்கிறாய், சோப்புத் தண்ணீர் ஊறின வட்டம் தெரிந்தது. நான் கண்டும் காணாதவன் மாதிரி அதையும் இரண்டு விரல் அளவு பிரித்தேன். பஞ்சுக்குள்ளே அரை அங்குலத்துக்கு ஊசி முனை கிடந்தது. மெஷின் ஊசி, முறிந்தது. கோப்ரல் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான், கறையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து யார் தைத்தது என்று கேட்டான். என் மகள், வெளிநாட்டு பெக்டரியில் என்றேன். அவன் தங்கச்சி கட்டுநாயக்காவில் கார்மெண்டில் இருக்கிறாளாம். அவள் விரலிலும் இப்படித்தான் ஊசி இறங்கி எலும்பில் முறிந்து நின்றதாம், மூன்று மாதம் அவளால் பேனா பிடிக்க முடியவில்லையாம். அதை அவன் சத்தமில்லாமல்தான் சொன்னான். ஆனால் எனக்கு உன் இரண்டு கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. எதிர்ப்பக்கம் சாய்ந்த அந்தக் கைத்தையலும் வந்தது. இடது கையால் தைத்திருக்கிறாய். வலது கையைக் கட்டிப் போட்டுவிட்டு இடது கையில் ஊசியைப் பிடித்துத் தைத்தால் தையல் அப்படித்தான் சாயும். முப்பத்தைந்து வருஷம் மெஷின் மிதித்தவன் நான், எவன் சட்டையைப் பார்த்தாலும் எந்தக் கடையில் தைத்தது என்று சொல்கிறவன், பெற்ற மகளின் கைக்கு என்ன ஆனது என்பதை ஓர் ஆமிக்காரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் தொழிலை நாய்க்குப் போட வேண்டும். அவன் ஊசி முனையை என் கையில் திருப்பிக் கொடுத்து, போங்க ஐயா என்றான், அந்த இரண்டு வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னான்.

பஸ் கிளம்பினதும் உன் மாமாவுக்கு நாக்கு திரும்பி வந்துவிட்டது. அது துருவா இருக்கும் மச்சான், இல்லாட்டி யாராச்சும் வெத்தில எச்சி துப்பியிருப்பாங்க என்றான். பட்டிக்குள்ள போயி வெத்தில துப்பினவன் எவன்டா என்று கேட்டேன், வாயை மூடினான். ஆனால் வீட்டு வாசலில் எனக்கு முன்னால் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னவனும் அவன்தான். உன் அம்மா கறையில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நீங்க அன்னிக்கு சொன்ன வார்த்ததான் எம்புள்ளைய இப்பிடி மறைக்க வச்சிருக்கு என்றாள். எந்த வார்த்தை என்று எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை வீட்டுக் கல்யாண ரவிக்கைக்கு நீ வைத்த கழுத்துப் பட்டி இழுத்துச் சுருங்கி வந்தபோது, கடையில் நாலு பேர் நிற்க, அதை உன் கையில் இருந்து பிடுங்கி, இந்தக் கைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற, ஒடிச்சு அடுப்புல வை என்று சொன்னேன். தையல் கடையில் இதெல்லாம் வாய்ப்பேச்சு என்று நினைத்துக்கொண்டேன், என் அப்பன் எனக்குச் சொன்னதைத்தான் நான் உனக்குச் சொன்னேன். நீ பட்டியைப் பிரித்து, வேறு துணி வெட்டி, மறுபடி வைத்துக் கொடுத்தாய், அது நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் மாமாவோடு ஏஜென்சிக்குப் போனாய். அவளுக்கு வெளிநாட்டு மோகம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கையில் ஊசி இறங்கினபோது, இதைக் கேட்டால் அப்பன் சிரிப்பான் என்று நினைத்துவிட்டாயா. நினைத்திருப்பாய். நினைக்கிற மாதிரித்தான் நானும் நடந்திருக்கிறேன்.

பரிசாம் பரிசு. இரத்தம் பட்ட துணியை எந்தக் கம்பனி பரிசு என்று கொடுக்கும். அவர்கள் கழித்துப் போட்டதை நீ கேட்டு வாங்கி, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, கறையை மூடி, மற்ற மூலைகளை அப்பன் பார்த்து மெச்சட்டும் என்று அனுப்பியிருக்கிறாய். உன் சாமர்த்தியத்தைக் கொண்டுபோய் எங்கே வைக்க. எதையும் மறைப்பதானால் அளவை மாற்றாமல் மறைக்க வேண்டும், அதுகூட ஒழுங்காக வரவில்லை, அந்த விஷயத்தில் நீ உன் அம்மா பக்கம். சூப்பர்வைசர் ஆக்குகிறார்களாம், அதுவும் பரிசு மாதிரியான சூப்பர்வைசர்தானே. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு என் சம்மதம் கேட்டாயே, எந்தக் கையால் போடப் போகிறாய். அந்தக் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்னும் மூன்று வருஷம் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. சம்மதம் இல்லை. மூன்று வருஷம் இல்லை, மூன்று நாளுக்கும் சம்மதம் இல்லை. ஏஜென்சிக்காரனைப் பார்க்க மாமாவை வருகிற வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், இத்தனை நாள் அடித்த பெருமைக்கு அவன் இந்த ஒரு வேலையையாவது செய்யட்டும்.

போர்வையை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். பிரித்ததை அப்படியே போட்டு வைக்க முடியாது, பஞ்சு வெளியே வந்துவிடும். கலந்தர் நானாவின் துணிக்கடைக்குக் கொண்டுபோய் அதற்குச் சேர்கிற மாதிரி மெரூன் நிறத்தில் பொப்ளின் கேட்டேன். அவர் நிறம் பார்க்க ஓரத்தைத் திருப்பினவர் கறையைக் கண்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, அல்லாஹ் காப்பாத்துவான் மாஸ்டர் என்று சொல்லித் துணியை மடித்துக் கொடுத்தார். கறையை எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்க்கிறேன் என்று உன் அம்மா பாத்திரத்தோடு நின்றாள், நான் விடவில்லை. நீ வைத்த பட்டி நீ வைத்தபடியே இருக்கட்டும் என்று அதன் மேலேயே நாலு பக்கமும் சுற்றிப் புதுப்பட்டி வைக்க உட்கார்ந்தேன். இப்போது சொல்லப் போவதைச் சிரிக்காமல் படி. மூலையில் தொடங்கிவிட்டேன். ஓரத்தின் நடுவில் தொடங்கு, ஒரு சாண் பட்டியை வாலாக விட்டுவிட்டுத் தை, சுற்றி வந்ததும் இரண்டு வாலையும் சாய்வாக வெட்டிச் சேர் என்று ஊரில் எல்லோருக்கும் ஆயிரம் தடவை சொன்ன பெரிய மாஸ்டர், வாலும் விடாமல், அளந்தும் பார்க்காமல், மூலையில் தொடங்கிவிட்டார். சுற்றி வந்து சேருகிற இடத்தில் இரண்டு விரல் அளவுக்குப் பட்டி போதவில்லை. ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டேன், மூலையில் அது முண்டாக நிற்கிறது. தையலும் நேராக வரவில்லை, கண் மறைத்துக்கொண்டே இருந்தது. உன் அம்மா அந்த முண்டை விரலால் தடவிப் பார்த்து, இத வேற யாராச்சும் தச்சிருந்தா என்னா பேச்சு பேசியிருப்பீங்க என்றாள். நான் பிரித்துத் திரும்பத் தைக்கவில்லை. அந்த மூலை வெளியே தெரிகிற மாதிரி கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். இது யார் மாஸ்டர் தச்சது, இவ்வளவு மோசமா என்று கேட்கிறவர்களிடம் நான்தான் என்று சொல்கிறேன். உன்னை நாலு பேர் முன்னால் பேசினவனை நாற்பது பேர் பார்க்கட்டும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஐந்து நாளாக மழை மேகம் மூடிக்கொண்டு கிடக்கிறது, அம்மா காயப் போட்ட மிளகை ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே எடுத்து வைத்து நாலு தடவை உள்ளே எடுக்கிறாள். உன் மெஷின் மூலையில் அப்படியே மூடி இருக்கிறது. சும்மா கிடக்குதே மச்சான், பல்லேபொலயில எனக்குத் தெரிஞ்சவங்க கேக்கிறாங்க என்று மாமா இரண்டு தடவை வந்தான், இரண்டாம் தடவை தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினேன். நேற்று அதற்கு எண்ணெய் போட்டு மிதித்துப் பார்த்தேன், சத்தம் இல்லாமல் ஓடுகிறது. விரலைப் பற்றி அம்மா சொல்கிறது, சோப்புத் தண்ணீரில் வைக்காதே, தேங்காய் எண்ணெய் இளம் சூட்டில் பூசு, மடக்கி மடக்கிப் பழகு, வலிக்கிறது என்று அப்படியே விட்டால் விறைத்துப் போகும். நான் சொல்கிறது, வைத்தியம் பார்த்த சீட்டு ஏதாவது இருந்தால் பத்திரமாக வைத்திரு, அந்த சூப்பர்வைசர்களிடம் கொடுத்துவிடாதே. உன் ஊசி முனை என்னிடம் இருக்கிறது, தாளில் சுற்றி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். முறிந்த துண்டு எங்கே என்று கேட்டு அங்கே உன்னை ஏசியிருப்பார்கள், இனிமேல் யாராவது கேட்டால் என் அப்பன் கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்.

இப்போது உன் வேலை. சினேகிதியிடம் கொடுக்காதே, நீயே செய். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன் மேல் வலது கையை விரித்து வை, இடது கையில் பென்சிலைப் பிடித்து விரல் விரலாகச் சுற்றி வரைந்து எனக்கு அனுப்பு. கோடு கோணலாக வந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், அளவு எடுக்கத்தான் கேட்கிறேன். எப்படி என்று தெரியாவிட்டால் இந்தத் தாளைத் திருப்பிப் பார், என் கையை வரைந்திருக்கிறேன், பென்சில் பிடித்தது உன் அம்மா, அதனால்தான் கட்டைவிரல் வாழைப்பழம் மாதிரி வந்திருக்கிறது. அடுப்பில் வைக்க வேண்டிய கை எது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள். முத்துமாரி உன்னையும் உன் கையையும் காக்கட்டும், அம்மா இரண்டு கையாலும் உன்னை ஆசீர்வதிக்கிறாள், நானும்தான். ஆகஸ்ட்டில் கையெழுத்துப் போடாதே, வரைந்து அனுப்ப மறக்காதே. அந்தத் தாளில் ஐந்து விரல் வந்தாலும் சரி, நாலு வந்தாலும் சரி, மூன்று வந்தாலும் சரி, அந்தக் கைக்கு இங்கே ஒரு மெஷின் எண்ணெய் போட்டு இருக்கிறது.

உன் அப்பா,
தையல்காரன் நாகமுத்து